பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? இரண்டாவது லென்ஸை வைத்து முடிவெடுங்கள்

போனில் படமெடுத்துப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் தனியாகக் கேமரா வேண்டும் என்று தோன்றுகிறது. லென்ஸ் மாற்றக்கூடிய புதிய மிரர்லெஸ் கேமரா வாங்கப் பணம் போதாது. செகண்ட் ஹேண்டில் தேடினால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று நிகான் டி3100, டி3200, கேனான் 1100டி, 1200டி போன்ற, லென்ஸை மாற்றி மாட்டக்கூடிய பழைய ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர். இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் போல சட்டைப் பைக்குள் போகிற காம்பாக்ட். யாரைக் கேட்டாலும் "டிஎஸ்எல்ஆர்ல சென்சார் பெருசு, அதையே எடுங்க" என்பார்கள். சென்சார் என்பது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு. அவர்கள் சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி லென்ஸில் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரோடு வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடப் போகிறீர்களா, அடுத்து ஒரு லென்ஸ் வாங்குவீர்களா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வாங்க மாட்டேன் என்றால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம் என்றே சொல்வேன். ஏன் என்பதற்குக் கீழே கணக்கு இருக்கிறது.

முதலில்: எந்தக் காம்பாக்ட் இந்தப் போட்டியிலேயே இல்லை

காம்பாக்ட் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை 1/2.3 அங்குல சென்சார் வகை. அந்தச் சென்சாரின் அளவு ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. உங்கள் கையிலிருக்கும் போன் சுமாரான புதியது என்றால் இதைவிட நல்ல படமே தரும். ஆப்டிகல் ஜூமும் நிஜமான ஃபிளாஷும் மட்டும்தான் இந்த வகையில் கூடுதல். பழைய சிசிடி சென்சார் கேமராக்களின் நிறம் இளைஞர்களிடம் இப்போது பிரபலமாகி, ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மாடல்களுக்கும் விலை ஏறியிருக்கிறது. அந்த நிறம் பிடித்து வாங்குவது உங்கள் விருப்பம். போனைவிட நல்ல படம் வேண்டும் என்பதற்காக வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

டிஎஸ்எல்ஆரோடு ஒப்பிடத் தகுந்தவை 1 அங்குல சென்சார் கொண்டவை. பெயரில்தான் 1 அங்குலம், உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, 2014-இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் இரண்டும் இந்த ரகம். பட்ஜெட் இன்னும் இறுக்கமாக இருந்தால் கேனான் எஸ்90, எஸ்100 போன்றவற்றைப் பார்க்கலாம். சென்சார் இன்னும் சிறியதுதான், ஆனால் ரா படமும் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) மேனுவல் மோடும் உண்டு. ரிக்கோ ஜிஆர் தனி ரகம். 2013-இல் வந்த அந்த மாடலில் டிஎஸ்எல்ஆர் அளவுச் சென்சாரே இருக்கிறது, ஜூம் மட்டும் கிடையாது. தெருவில் நடந்துகொண்டே படமெடுப்பவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

அடுத்து: உங்கள் போன் கேலரியைத் திறங்கள்

"எதை எடுக்கப் போகிறேன்" என்று யோசித்தால் ஆசைகள்தான் வரிசையாக வரும். கடந்த சில மாதங்களில் உண்மையில் எதை எடுத்தீர்கள் என்பதைக் கேலரி சொல்லிவிடும். அதில் "இது இன்னும் நல்லா வந்திருக்கலாமே" என்று ஏங்க வைத்த படங்களை மட்டும் ஒரு ஆல்பத்தில் சேருங்கள். ஏன் சரியாக வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். தூரம், இருட்டு, அசைவு, பின்னணிக் குப்பை, இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தூரம் என்று அதிகம் வந்தால், அதுவும் பறவைகள் என்றால், நீங்கள் இதற்கு மேல் குழம்பவே வேண்டாம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையை எடுக்க, பாக்கெட் கேமராவின் 100 மி.மீ. ஜூம் எதற்கும் ஆகாது. மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது அருகில் வரும். கேனான் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) 55-250 மி.மீ. லென்ஸ் போட்டால் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 400 மி.மீ. கிடைக்கும். பறப்பதைத் தொடர்ந்து பிடிக்க, கண்ணை வைத்துப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டரும் டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் வேகமும் வேண்டும். எனவே டிஎஸ்எல்ஆர்தான், கூடவே டெலி லென்ஸ்.

அசைவும் இருட்டும் சேர்ந்து வந்தால், அதாவது டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தை, வீட்டு விசேஷம், பள்ளி மேடை நடனம் என்றால், விடை லென்ஸைப் பொறுத்தது. கீழே வரும் கணக்கு முக்கியமாக உங்களுக்குத்தான்.

பயணம், தெரு, சாப்பாடு, நண்பர்கள், மலைப்பாதை என்று கலந்து வந்தால் காம்பாக்ட் பக்கம் சாயுங்கள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது தோளில் கேமரா பை தொங்குவதும் சட்டைப் பையில் கேமரா இருப்பதும் ஒன்றல்ல.

கணக்கு: சென்சார் மட்டும் போதாது

டிஎஸ்எல்ஆர் சென்சாரின் பரப்பு கேனானில் சுமார் 332 சதுர மி.மீ., நிகானில் சுமார் 357. ஆர்எக்ஸ்100-இன் சென்சார் 116. ஏறக்குறைய 3-இல் 1 பங்கு. இதை மட்டும் பார்த்தால் டிஎஸ்எல்ஆர்தான் என்று தோன்றும்.

இப்போது லென்ஸைச் சேருங்கள். 18-55 கிட் லென்ஸ், ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். ஆர்எக்ஸ்100, ஜி7 எக்ஸ் இரண்டும் அங்கே எஃப் 1.8. எஃப் எண் லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) குறிக்கிறது; அது சிறியதாக ஆக ஒளி அதிகம் வரும், அதுவும் வர்க்கக் கணக்கில். 3.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.8 மடங்கு. சென்சார் 3 மடங்கு சிறியது, ஆனால் அதன்மேல் விழும் வெளிச்சம் 3.8 மடங்கு செறிவானது. மொத்தத்தில் அகலக் கோணத்தில் காம்பாக்ட் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. சென்சார் 2010-க்கு முந்தையது என்றால் இருட்டில் டிஎஸ்எல்ஆர் இன்னும் பின்தங்கும்.

ஜூமை முழுவதும் இழுத்தால் கதை மாறுகிறது. கிட் லென்ஸ் 55 மி.மீ.-இல் எஃப் 5.6. ஆர்எக்ஸ்100 முதல் மாடல் எஃப் 4.9-க்கு இறங்கிவிடும், அதனால் அங்கே டிஎஸ்எல்ஆர் தெளிவாக முன்னால் போகும். ஜி7 எக்ஸ் எஃப் 2.8-இலேயே நிற்கும், ஆகவே அங்கும் அது கிட் லென்ஸுக்குச் சளைக்காது. காம்பாக்ட் வாங்குபவர்கள் மெகாபிக்சலை விட்டுவிட்டு, லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் இந்த இரண்டு எஃப் எண்களைப் படிக்க வேண்டும்.

அதே டிஎஸ்எல்ஆரில் ஒரு எஃப் 1.8 லென்ஸைப் போடுங்கள். 5.6-லிருந்து 1.8-க்கு வந்தால் ஒளி ஏறக்குறைய 10 மடங்கு. வீட்டு ஹாலில் குழந்தை கேக் வெட்டுகிறது, கை அசைவு உறைய 1/125 வினாடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 5.6-இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு, கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்) 3200 கேட்கும் அந்தக் காட்சிக்கு, எஃப் 1.8-இல் 320 போதும். டி3100 போன்ற பழைய பாடியில் 3200-இல் தலைமுடி எல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்து போகும், 320-இல் ஒவ்வொரு இழையும் தெரியும். பின்னால் இருக்கும் துணிக்கொடி, டிவி ஸ்டாண்டு எல்லாம் மங்கி ஒதுங்குவதும் இதே லென்ஸால்தான். எந்த 1 அங்குலக் காம்பாக்டும் இந்த இடத்துக்கு வர முடியாது.

ஆக, கிட் லென்ஸோடு மட்டும் இருக்கும் டிஎஸ்எல்ஆர், நல்ல காம்பாக்டுக்குச் சமம்தான், சில இடங்களில் கீழே. எடை மட்டும் மூன்று மடங்கு. இரண்டாவது லென்ஸ் வந்த பிறகுதான் டிஎஸ்எல்ஆர் வாங்கியதற்கு அர்த்தம் வருகிறது.

எந்த இரண்டாவது லென்ஸ்

நிகான் என்றால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. நம் கண் பார்ப்பதற்கு நெருக்கமான கோணம், 2009 முதல் இருப்பதால் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் வாங்கும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்லும் லென்ஸ் இதுதான்.

கேனான் என்றால் 2015-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். முகப் படங்களுக்கு அருமை. ஆனால் கேனான் பாடியில் 50 மி.மீ. என்பது ஃபிலிம் கணக்கில் 80 மி.மீ. ஆகிவிடுவதால், பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுவதும் ஃபிரேமுக்குள் வராது. கூட்டுப் படத்துக்குக் கிட் லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள்.

நிகானில் ஒரு கண்ணி உண்டு. டி3000 வரிசையின் எந்தப் பாடியிலும் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் மலிவாக வருகிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா பாருங்கள். ஏஎஃப்-பி என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. டி3400-உடன் வந்த அந்தப் புதிய கிட் லென்ஸ் டி3100, டி3200 பாடிகளில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. கேனானில் இந்தத் தொல்லை இல்லை. இஎஃப், இஎஃப்-எஸ் எதுவாக இருந்தாலும் வேலை செய்யும்.

மொத்தச் செலவை எழுதுங்கள்

டிஎஸ்எல்ஆர் விலை என்பது பாடி விலை அல்ல. பாடி, கிட் லென்ஸ், இரண்டாவது லென்ஸ், பை, மெமரி கார்டு, தேவைப்பட்டால் புதிய பேட்டரி எல்லாம் சேர்ந்ததுதான். கையிலிருக்கும் பணத்தில் 3-இல் 1 பங்கையாவது இரண்டாவது லென்ஸுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் பாடி தேடுங்கள். அதனால் டி3200-க்குப் பதில் டி3100 வாங்க நேர்ந்தால் நேரட்டும். 24 மெகாபிக்சலும் கிட் லென்ஸும் இருப்பதைவிட 14 மெகாபிக்சலும் எஃப் 1.8 லென்ஸும் இருப்பது மேல். ஏ4 அளவுக்குப் பிரிண்ட் போட 14 தாராளம்.

போனுக்குப் படம் மாற்றுவதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். டி3100, டி3200, 1100டி, 1200டி எதிலும் வைஃபை உள்ளே கிடையாது. 2016-இல் வந்த கேனான் 1300டி-யில் வைஃபை உண்டு, நிகான் டி3400-இல் புளூடூத் உண்டு. ஆர்எக்ஸ்100 முதல் மாடலிலும் வைஃபை இல்லை, ஜி7 எக்ஸில் இருக்கிறது. இதற்காக மாடலை மாற்ற வேண்டியதில்லை. போனில் நேரடியாகச் செருகும் கார்டு ரீடர் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வைஃபையைவிட வேகமும் கூட.

வீடியோதான் முக்கியம் என்றால் இந்த இரண்டு வகையுமே உங்களுக்கு வேண்டாம். 1100டி-யில் 720பி வரைதான். பழைய டிஎஸ்எல்ஆர்கள் வீடியோவில் ஃபோகஸ் தேடித் தடுமாறும். போனே போதும்.

வாங்கும் முன் ஒரு வார இறுதி கையில் வையுங்கள்

டி3100 பாடி பேட்டரியோடு சுமார் 500 கிராம், கிட் லென்ஸ் 265 கிராம். ஆர்எக்ஸ்100 மொத்தமே 240 கிராம். காகிதத்தில் படிக்கும்போது 750 கிராம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் கேமரா வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. நண்பரிடம் இருந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வழக்கமாகப் போகும் இடத்துக்கெல்லாம் டிஎஸ்எல்ஆரை எடுத்துப் போங்கள். சந்தை, கோயில், கடற்கரை, உறவினர் வீடு. ஞாயிறு சாயங்காலம் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள் என்றால் அதுவே பதில்.

டிஎஸ்எல்ஆரின் நல்ல பக்கமும் அப்போதுதான் தெரியவரும். உச்சி வெயிலில் காம்பாக்டின் திரை வெளுத்துப்போய் எதை எடுக்கிறோம் என்றே தெரியாது. ஆர்எக்ஸ்100 முதல் மாடலுக்கும் ஜி7 எக்ஸுக்கும் வியூஃபைண்டர் இல்லை. டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்தால் காட்சி கண்ணாடி வழியாக அப்படியே தெரியும். பேட்டரியும் அப்படித்தான். தர அளவீட்டின்படி ஒரு முறை சார்ஜ் செய்தால் ஜி7 எக்ஸ் 210 படம், ஆர்எக்ஸ்100 330, டி3200 540. காம்பாக்ட் வாங்கினால் இரண்டாவது பேட்டரியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"கற்றுக்கொள்ள டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் ஆர்எக்ஸ்100-இலும் கையால் மாற்றலாம், ராவிலும் எடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் பரிசோதனை

இதில் அவசரமே கூடாது. பகலில் போங்கள். சொந்த மெமரி கார்டும் சின்ன டார்ச்சும் கொண்டு போங்கள். கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம்.

"அண்ணே, லென்ஸ்ல டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிறேன். அப்புறம் வாசல்ல நாலு படம் எடுத்துக்கிறேன்."

"பாருங்க தம்பி, பார்த்துட்டே எடுங்க."

இப்படிச் சொல்பவரிடம் வாங்கலாம். "அதெல்லாம் கண்டிஷன் சூப்பர்" என்று கேமராவை மேசையின் அந்தப் பக்கமே வைத்திருப்பவரிடமிருந்து வந்துவிடுங்கள்.

முதலில் லென்ஸ். டிஎஸ்எல்ஆர் லென்ஸைக் கழற்றி இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் கண்ணாடியில் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்கு வரும் முதல் நோய் இதுதான். எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து சென்சார். அப்பர்ச்சரை எஃப் 16 அல்லது 22-க்கு வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் தூசி. டிஎஸ்எல்ஆரில் இதைச் சுத்தம் செய்யலாம், பேரம் பேசக்கூட உதவும். காம்பாக்டில் அப்பர்ச்சர் அவ்வளவு மூடாது, முடிந்தவரை மூடி எடுத்துப் பாருங்கள். அதில் புள்ளி இருந்தால் வேண்டாம். லென்ஸ் கழற்ற வராது என்பதால், முழுவதும் பிரித்தால்தான் உள்ளே சுத்தம் செய்ய முடியும்.

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. நிகானில் சுலபம், ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண் பதிந்திருக்கும். எடுத்த ஜேபிஜி படத்தை மாற்றாமல் எக்ஸிஃப் (படத்துக்குள் பதியும் கேமரா விவரங்கள்) காட்டும் செயலியில் திறந்தால் தெரியும். விற்பவர் தூரத்தில் இருந்தால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். டி3200-இன் ஷட்டரை நிகான் 1,00,000 முறை வரை சோதித்திருக்கிறது. அதைத் தாண்டியதும் நின்றுவிடும் என்பதில்லை, ஆனால் 80,000 ஓடியதற்கும் 8,000 ஓடியதற்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. கேனானின் ஆரம்பநிலை பாடிகளில் படத்துக்குள் அந்த எண் இருக்காது. கைப்பிடி ரப்பர், மோட் டயலின் எழுத்துகள், பட்டன்களின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

காம்பாக்டில் நீங்கள் காதால் சோதிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், ஜூமை முழுவதும் இழுத்து உள்ளே விடுங்கள். பத்துப் பதினைந்து முறை. லென்ஸ் ஒரே சீராக வெளியே வந்து போக வேண்டும். கரகரவென்ற சத்தமோ, நடுவில் ஒரு தயக்கமோ இருந்தால் உள்ளே மணல். மாமல்லபுரக் கடற்கரையில் ஒரு தடவை காற்று அடித்தால் போதும், அந்தக் குழல் இடுக்கில் மணல் புகுந்துவிடும். முன்னால் இருக்கும் மூடி இதழ்கள் முழுவதும் திறக்கின்றனவா என்பதையும் பாருங்கள். காம்பாக்டில் லென்ஸ் போனால் கேமராவே போன மாதிரி. டிஎஸ்எல்ஆரில் கிட் லென்ஸ் போனால் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம்.

மீதி எல்லாம் விரைவாக முடியும். ஃபிளாஷ் எழுந்து எரிகிறதா, எல்லா ஃபோகஸ் புள்ளியும் பிடிக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் உண்டா. ரொம்பப் பழைய மாடல் என்றால் கார்டு வகையையும் பாருங்கள். கேனான் 1000டி, நிகான் டி3000 போன்றவை 32 ஜிபி வரையிலான கார்டைத்தான் ஏற்கும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி காம்பாக்டுகள் சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும், அது இன்று கிடைப்பதே அரிது.

வாங்கிய பிறகு

தோல் உறையிலோ துணிகளுக்கு நடுவிலோ வைக்க வேண்டாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் போதும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது தெரியும், காய வைத்து மறுபடி பயன்படுத்தலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்து உபயோகியுங்கள். இது டிஎஸ்எல்ஆர், காம்பாக்ட் இரண்டுக்கும் பொருந்தும்.

டிஎஸ்எல்ஆர் வாங்கியிருந்தால் முதல் மாதம் எஃப் 1.8 லென்ஸை மட்டும் மாட்டுங்கள். மோட் டயலை ஏ-வில் வையுங்கள், கேனானில் அது ஏவி. அதில் அப்பர்ச்சரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எஃப் 1.8, 2.8, 5.6 மூன்றிலும் ஒரே காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப் 1.8-இல் முகத்தை எடுக்கும்போது அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை நீங்களே வையுங்கள், கேமராவிடம் விட்டால் மூக்கு நுனியில் ஃபோகஸ் வைத்துவிடும்.

காம்பாக்ட் வாங்கியிருந்தால் ஜூமைத் தொடாமல் அகலக் கோணத்திலேயே எடுத்துப் பழகுங்கள், எஃப் 1.8 கிடைப்பது அங்கேதான். ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 1600-க்கு வையுங்கள். மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் கடற்கரைப் பக்கம் எடுத்துப் போகாதீர்கள்.